சுவர்ப் பக்க மாத்திரை

வீடு தேடி வருகிற வக்கீல்களை நான் உள்ளே விடுவதில்லை. அவர்களுக்கு என் அறிவு வேண்டியதில்லை, கையெழுத்துதான் வேண்டும். நஸ்ரீன் அழைப்புமணியை அழுத்தியபோது ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்தேன். அணைத்த திருகைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். அதன் பிறகே வாசலுக்கு வந்து, கம்பிக் கதவைத் திறக்காமல் என்ன வேண்டும் என்று கேட்டேன். எதற்காகப் படம் எடுத்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

“டாக்டர் பூங்கோதை நீங்கதான? ரெண்டு நிமிஷம் போதும். ஒரு படத்தைப் பாத்துச் சொல்லணும்.”

“யார் அனுப்பினாங்க?”

“யாரும் அனுப்பலை டாக்டர். மூளைப் படம்னா கோயமுத்தூர்ல எல்லாரும் உங்க பேரைத்தான் சொல்றாங்க.”

புகழ்கிறவர்களைக் கண்டால் எனக்குச் சந்தேகம் இன்னும் கூடும். ஆனால் அந்தப் பெண் கெட்டிக்காரி. அதற்குள் ஸ்கேன் ஃபிலிமை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துவிட்டாள். முப்பத்திரண்டு வருடமாகப் பார்க்கிற சாமான். கண் தானாக அங்கே போய்விட்டது. கதவைத் திறந்தேன்.

“இடது பக்கம் பள்ளம் இருக்கா, இல்லையா? அது மட்டும் சொல்லுங்க,” என்றாள்.

நெற்றிக்குப் பின்னால், மூளையின் இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் உட்சுவரில், ஒரு நீண்ட பள்ளம் ஓடுகிறது. அது எல்லோருக்கும் உண்டு. சிலருக்கு அதை ஒட்டியே இன்னொரு சிறு பள்ளமும் ஓடும். அதைத் துணைப்பள்ளம் என்போம். இடது பக்கம் அது இருப்பவர்கள் கண்ணால் கண்டதையும் மனதில் கற்பனை செய்ததையும் குழப்பிக்கொள்வதில்லை, இல்லாதவர்கள் குழப்பிக்கொள்கிறார்கள் என்று என் பேராசிரியர் சேதுமாதவன் நிறுவினார். நான் அவருடைய மாணவி. அவர் சொன்னார், நான் அளந்தேன். அப்புறம் என் வாழ்க்கை முழுவதும் ஆயிரக்கணக்கான தலைகளில் அந்த ஒரு பள்ளத்தைக் கோடு போட்டுக் காட்டுவதிலேயே கழிந்தது.

“இடதுல இல்லை. வலதுல நல்லா இருக்கு,” என்றேன்.

“அப்ப இவர் பொய் சொல்றாரா?”

“பொய்னு சொல்லலை. பாத்ததையும் நெனச்சதையும் பிரிச்சுப் பாக்க இவரால முடியாம போகலாம். அதான் சட்டம்.”

“உங்க சட்டம்.”

“சட்டம் அரசாங்கத்தோடது. பள்ளம் மட்டுந்தான் என்னுது.”

அவள் சிரிக்கவில்லை. ஆறு வருடத்துக்கு முன் வந்த சட்டம் அது. உயிர்ப்பலி வழக்குகளில் சாட்சி சொல்கிறவர் முதலில் காந்த ஸ்கேன் இயந்திரத்துக்குள் தலையை நீட்ட வேண்டும். இடதில் பள்ளம் இருந்தால் முதல் தரச் சாட்சி. இல்லையென்றால் இரண்டாம் தரம். இரண்டாம் தரச் சாட்சியை மட்டும் வைத்து எவரையும் தண்டிக்க முடியாது.

நஸ்ரீன் வழக்கைச் சொன்னாள். ஊருக்கு வெளியே ஒரு சாயப்பட்டறை. பாய்லர் வெடித்து உள்ளே ஐந்து பேர் செத்துப்போனார்கள். பின்பக்க கேட் வெளியிலிருந்து பூட்டப்பட்டிருந்தது. அதை மேனேஜர் பூட்டியதைப் பார்த்த ஒரே ஆள், டீ வாங்கப் போயிருந்த பாய்லர்காரர் சென்னியப்பன். செத்த ஐந்து பேரில் ஒருத்தி அவருடைய மனைவி.

“துக்கத்துல அவர் மனசு தானா செஞ்சுகிட்ட காட்சினு எதிர்த்தரப்பு சொல்லுது. ரிப்போர்ட்டும் அதுக்கு ஒத்து ஊதுது. எனக்கு அந்த ரிப்போர்ட் மேல நம்பிக்கை இல்லை டாக்டர். காசு வாங்கிட்டு மாத்திட்டாங்கன்னு நெனக்கிறேன்.”

“எல்லா வக்கீலும் அப்படித்தான் நெனப்பாங்க,” என்று ஃபிலிமைத் திருப்பிக் கொடுக்கக் கை நீட்டினேன். நீட்டிய கை நின்றுவிட்டது. தலையின் பின்பக்கம் என்னவோ உறுத்தியது.

மனித மூளை இரண்டு பக்கமும் ஒரே அளவு அல்ல. பெரும்பாலோருக்கு இடது பாதி பின்னால் கொஞ்சம் நீண்டிருக்கும். இவருக்கு வலது நீண்டிருந்தது. அப்படிச் சிலருக்கு இருக்கும்தான். ஆனாலும் சந்தேகம் சந்தேகம்தான்.

“இந்த வெள்ளைப் பொட்டு என்ன டாக்டர்?” படத்தில் வலது நெற்றிப்பொட்டின் ஓரமாக இருந்த சிறு முட்டை வடிவத்தைக் காட்டினாள்.

“மாத்திரை. மருந்துக்கடையில விக்கிற வைட்டமின் ஈ. உள்ள எண்ணெய் இருக்கறதால காந்தத்துல பளிச்சுனு தெரியும். ஸ்கேன் எடுக்கறவங்களுக்கு வலது நெத்திப்பொட்டுல அதை வெச்சு பிளாஸ்திரி போட்டுருவோம். கம்ப்யூட்டர்ல கோப்பை மாத்தறப்ப சில சமயம் இடவலம் பெரண்டு போயிரும். மாத்திரை எந்தப் பக்கம் தெரியுதோ அதான் வலது. கம்ப்யூட்டரும் மாத்திரையும் வேற வேற சொன்னா மாத்திரையை நம்பி படத்தைத் திருப்பிடணும்னு நான்தான் விதி எழுதினேன். இப்ப அந்த மென்பொருளே தானா திருப்பிடுது.”

“மாத்திரையையே தப்பான பக்கம் ஒட்டிட்டா?”

எனக்குச் சுரீர் என்றது. “எந்தத் தேதியில எடுத்தது இது?”

சொன்னாள். போன வருடம் ஜனவரி பதினேழு, வரிசை எண் ஒன்று. கோவையில் சாட்சி ஆய்வு மையம் திறந்த நாள். ரிப்பனை வெட்டியதே நான்தான்.

மறுபடி எடுத்துப் பார்த்தால் விஷயம் முடிந்துவிடும் என்றேன். அதற்கும் வழியில்லை. மூன்று மாதம் கழித்து சென்னியப்பனுக்கு இதயத் துடிப்பு தடுமாறி, பேஸ்மேக்கர் வைத்துவிட்டார்கள். பழைய ரகம். அதோடு காந்தத்துக்குள் போனால் உயிருக்கு ஆபத்து. கம்ப்யூட்டர் திருப்புவதற்கு முன்பிருந்த மூலப்படமும் இல்லை. தொண்ணூறு நாளில் அழித்துவிட வேண்டும் என்பது தனியுரிமை விதி.

அவள் போனதும் என் நோட்டுப் புத்தகங்களை எடுத்தேன். தினமும் கண்ணில் பட்டது, காதில் விழுந்தது எல்லாவற்றையும் எழுதிவைப்பேன். ஜனவரி பதினேழில் இருந்தது: ‘முதல் ஆள் வெளியே வந்தார். நெற்றிப் பிளாஸ்திரி முடியைப் பிடித்து இழுத்தது. நானே எடுத்துவிட்டேன். கலெக்டர் பேச்சு நீளம்.’

எந்தப் பக்கப் பிளாஸ்திரி என்று எழுதவில்லை. வலது என்பது தெரிந்த விஷயம், தெரிந்ததை யார் எழுதுவார்கள்?

கண்ணை மூடினால் காட்சி வருகிறது. இடது கையில் எனக்குப் போட்ட சால்வை. வலது கையை நேராக நீட்டி எதிரே நிற்கிற மனிதரின் நெற்றியிலிருந்து பிளாஸ்திரியை உரிக்கிறேன். எதிரே நிற்பவருக்கு அது இடது பக்கம். ஆனால் இது உண்மையிலேயே நான் பார்த்ததா, இல்லை இன்று சந்தேகம் வந்த பிறகு என் மனம் வரைந்து கொடுத்ததா? மற்றவர்களுக்கு இந்தக் கேள்வி வராது. எனக்கு வரும். ஏனென்றால் எனக்கு இடதில் பள்ளம் இல்லை.

அதைச் சொல்லிவிடுகிறேன். சேதுமாதவன் லேபில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக யார் சேர்ந்தாலும் முதல் நாளே ஸ்கேன் எடுத்து, மூளைப் படத்தை அச்சிட்டு, பெயர் எழுதிச் சுவரில் மாட்டிவிடுவார். “நம்ம குடும்பப் படம்” என்பார். என் படம் மூன்றாவது வரிசையில் இருந்தது. வலதில் அழகான பள்ளம். இடதில் ஒன்றுமில்லை. அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பள்ளத்தின் பெருமையை நாங்கள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்துக் கண்டுபிடித்தோம். அன்றிலிருந்து நான் என்னை நம்புவதை விட்டேன். அடுப்புத் திருகு, பூட்டின கதவு, அணைத்த கீசர் எல்லாம் என் போனில் படமாக இருக்கின்றன. கல்யாணமும் நடந்தது. “நேத்து நீங்க இப்படிச் சொன்னீங்களா, இல்ல நானா நெனச்சுகிட்டேனா?” என்று தினம் ஒரு தரம் கேட்டால் எந்த மனுஷன் தாங்குவான்? அவர் நாலு வருடம் தாங்கினார். நல்ல மனிதர்.

ஏன் இன்னொரு ஸ்கேன் எடுக்கவில்லை என்று கேட்பீர்கள். பள்ளம் தாயின் வயிற்றிலேயே விழுவது. இடையில் முளைக்காது. இல்லையென்றால் இல்லைதான். அந்த அளவுக்கு நாங்கள் படித்தவர்கள்.

மறுநாள் காலை சாட்சி ஆய்வு மையத்துக்குப் போனேன். அங்கே ஸ்கேன் எடுப்பவன் ஜெரால்டு. என் லேபில் பதினெட்டு வருடம் இருந்து, நான் பரிந்துரைத்து அங்கே வேலைக்குப் போனவன். அவன் காசு வாங்கியிருப்பான் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். புதுச் செருப்பு போட்டிருந்தான். அதைக்கூடச் சந்தேகமாகப் பார்த்தேன்.

“சென்னியப்பன்னு ஒருத்தர். திறப்பு விழா அன்னிக்கு எடுத்தது. மாத்திரையை எங்க ஒட்டினே?”

“வலது நெத்தியில மேடம். எப்பவும் போல.”

“எப்பவும் எப்படி ஒட்டுவே? இப்ப செஞ்சு காட்டு.”

காந்த அறைக்குள் கூட்டிப் போனான். நீளப் படுக்கை ஒரு பக்கச் சுவரை ஒட்டியிருந்தது. அதன் அருகே நின்று, இல்லாத ஒருவரின் தலைக்கு மேல் குனிந்தான். கை தானாகச் சுவர்ப் பக்கம் போயிற்று. போன வேகத்தில் நின்றது. பிறகு இந்தப் பக்கம் திரும்பியது. அவன் முகம் வெளுத்தது.

நானும் பார்த்தேன். எங்கள் பழைய லேபில் படுக்கிறவரின் வலது பக்கம் சுவர். இங்கே இயந்திரத்தை எதிர்த்திசையில் திருப்பி நிறுத்தியிருக்கிறார்கள். இங்கே சுவர் இடது பக்கம்.

“ஜெரால்டு.”

“மேடம், நான் காசு வாங்கலை. என் புள்ளைங்க மேல சத்தியமா வாங்கலை.” அவன் குரல் உடைந்தது. “சேந்த புதுசுல எனக்கு வலது எடது கொழம்பும்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க? ‘யோசிக்காதே, சுவர்ப் பக்கம் ஒட்டு’ன்னு. பதினெட்டு வருஷம் சுவர்ப் பக்கந்தான் மேடம் ஒட்டினேன். இங்க வந்தும் அதே கை. பதினோரு நாள் கழிச்சு ஒரு அம்மா, ‘தம்பி, போன தடவை சென்னையில இந்தப் பக்கம் ஒட்டினாங்களே’ன்னு சொன்னாங்க. அப்பத்தான் உறைச்சுது. அடுத்த நாள்லருந்து சரியா ஒட்டறேன்.”

“யார்கிட்டயும் சொல்லலை?”

“மூணு பொண்ணுங்க படிக்குது மேடம்.”

“பதினோரு நாள்ல எத்தனை பேர்?”

“முப்பத்தெட்டு.”

கம்ப்யூட்டர் சரியாகத்தான் இருந்திருக்கிறது. மாத்திரை வேறு பக்கம் சொன்னதும், என் விதிப்படி, சரியான படத்தைத் தப்பாகத் திருப்பியிருக்கிறது. கை அவனுடையது, பழக்கியது நான். விதியும் நான் எழுதியது. லஞ்சம் வாங்கியவனைப் பிடிக்க வந்த எனக்கு அங்கிருந்த சக்கர நாற்காலியில் உட்காரத்தான் முடிந்தது. வெட்கமாக இருந்தது. முப்பத்தெட்டு பேரில் எத்தனை பேரின் வாயை நான் அடைத்திருக்கிறேனோ.

“கோர்ட்ல வந்து சொல்றியா?”

“கேட்டா எப்பவும் வலதுலதான் ஒட்டினேன்னு சொல்லுவேன் மேடம். என்னை மன்னிச்சிருங்க.”

கோபம் வந்தது, ஆனால் திட்டாமல் எழுந்து வந்தேன்.

அன்று பிற்பகல் நஸ்ரீனின் அலுவலகத்தில் சென்னியப்பனைப் பார்த்தேன். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சட்டைப் பைக்கு மேலே, தோலுக்கு அடியில், பேஸ்மேக்கர் ஒரு தீப்பெட்டி அளவுக்குப் புடைத்துத் தெரிந்தது. நான் யாரென்று நஸ்ரீன் சொன்னதும் எழுந்து கும்பிட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை.

“அன்னிக்கு உங்க நெத்தியில பிளாஸ்திரியை எடுத்துவிட்டது நான்தான். ஞாபகம் இருக்குங்களா?”

“இருக்குதுங்க. சால்வையோட நின்னீங்க. இந்தப் பக்கம்.” இடது நெற்றியைத் தொட்டார். உடனே கையை எடுத்துக்கொண்டார். “அப்படித்தான்னு நெனக்கிறேனுங்க. இப்பெல்லாம் எதையுமே உறுதியாச் சொல்ல வரமாட்டேங்குது.”

“மேனேஜர் பூட்டினதைப் பாத்தீங்கதான?”

அவர் கையைச் சட்டைப் பைக்கு மேல் வைத்துக்கொண்டார்.

“மொதல்ல பாத்தனுங்க. நீலச் சட்டை. சங்கிலிய ரெண்டு சுத்து சுத்தி, பூட்டை இழுத்துப் பாத்தாருங்க. திருட்டு போவுதுன்னு டெய்லியும் பூட்டறதுதான். அந்த ரிப்போர்ட்டு வந்த பொறவு எல்லாரும் கேட்டாங்க, நெசமாப் பாத்தியா, நெசமாப் பாத்தியான்னு. கேக்கக் கேக்க அந்தச் சட்டை நீலமான்னே தெரியாமப் போச்சுங்க. இப்ப எம் மக கேக்கறா, ‘நீ பூட்டைப் பாத்திருந்தா அம்மாவ ஏம்பா தொறந்து உடலை?’ன்னு. டீ தூக்கோட அந்தப் பக்கம் நின்னனுங்க, வெடிச்சிருச்சு. அதையாச்சும் நாம்பாத்தனா?” என்னை நிமிர்ந்து பார்த்தார். “நீங்க படிச்சவிய. சொல்லுங்க டாக்டரம்மா. நாம்பாத்தது நெசமுங்களா?”

அந்தக் கேள்வியை நான் முன்பே ஒருவரிடம் கேட்டிருக்கிறேன்.

சேதுமாதவனின் பெரிய ஆய்வுக்கு நூற்றுப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஸ்கேன், பிறகு ஞாபகப் பரீட்சை. இடதில் பள்ளம் உள்ளவர்களின் மதிப்பெண்ணை வெள்ளைத் தாளிலும் இல்லாதவர்களுடையதை மஞ்சள் தாளிலும் நான்தான் எழுதினேன். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரம் வந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. அவர் கோப்பிலிருந்து சில மஞ்சள் தாள்களை மட்டும் பொறுக்கியெடுத்துத் தோல் பையில் வைத்துக்கொண்டிருந்தார். பதினாலு தாள். மேலே இருந்ததில் இருபதுக்கு இருபது என்று என் கையெழுத்து. கட்டுரை வந்தபோது மொத்தம் தொண்ணூற்றெட்டு பேர் என்றிருந்தது. பள்ளம் இல்லாமல் நல்ல மதிப்பெண் வாங்கியவர் ஒருவர்கூட அதில் இல்லை.

போய்க் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. என் தோளைப் பிடித்துச் சுவரில் இருந்த என் படத்துக்கு முன்னால் நிறுத்தினார்.

“இடது பக்கம் பாரும்மா. என்ன இருக்கு? ஒண்ணும் இல்லை. உன்னை மாதிரி இருக்கறவங்களுக்கு நெனப்பெல்லாம் பாத்த மாதிரியே தோணும். மொத்தமே தொண்ணூத்தெட்டு பேர்தான் வந்தாங்க. போய் வேலையைப் பாரு.”

மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். அன்றைக்குத்தான் முதல் நோட்டுப் புத்தகம் வாங்கினேன். அவர் போய்ச் சேர்ந்து நாலு வருடமாகிறது. நிறுவன வாசலில் சிலை இருக்கிறது.

“நீங்க பாத்தது நெசம்தானுங்க,” என்று சென்னியப்பனிடம் சொன்னேன். பிறகு நஸ்ரீனைப் பார்த்து, “நான் சாட்சி சொல்றேன். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோ. எனக்கும் இடதுல இல்லை,” என்றேன்.

அவள் பேனாவை மூடி வைத்துவிட்டாள். “அப்ப உங்க சாட்சி செல்லாதே டாக்டர்!”

“செல்லாம போகட்டும். இந்தப் பள்ளத்தை ஆயிரக்கணக்கான தலையில பாத்து வரைஞ்சதே என் கண்ணுதான். என் கண்ணை நம்பாட்டி அவங்க சட்டத்தையும் எப்படி நம்புவாங்கன்னு கேளு.”

பதினைந்து நாள் கழித்துக் கூண்டில் ஏறினேன். மாத்திரை, சுவர், என் விதி எல்லாவற்றையும் சொன்னேன். இடது நெற்றியிலிருந்து என் கையால் உரித்தேன் என்றேன். ஜெரால்டைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். சொன்னபடியே, எப்போதும் வலதில்தான் ஒட்டினேன் என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

எதிர்த்தரப்பு வக்கீல் நெட்டையான மனிதர். “டாக்டர் தன் கண்ணால பாத்ததா சொல்றாங்க. சட்டப்படி டாக்டரோட படத்தையும் பாத்துரலாமே?” என்றார்.

“பாக்கலாம். இல்லைன்னுதான் வரும். முப்பத்திரண்டு வருஷமா எனக்குத் தெரியும்,” என்றேன்.

கோர்ட்டில் சலசலப்பு எழுந்தது. நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிற்பகலுக்குள் ஸ்கேன் எடுத்து வரச் சொன்னார். கூடவே ஒரு நீதிமன்ற அலுவலரையும் அனுப்பினார்.

மையத்தின் வரவேற்பறையில் ஒரு பெண் ரிப்போர்ட்டை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தாள். ஜெரால்டு திருந்திய பிறகு, போன வாரம், எடுத்த படம். இவளுக்கு உண்மையாகவே இடதில் இல்லை.

“எம் பக்கத்து வூட்டுப் புள்ளைய அடிச்சே கொன்னுட்டானுங்கக்கா. சன்னல்ல நின்னு பாத்தனுங்க,” என்றாள். “இதுல இல்லைன்னு போட்டுட்டாங்க. இனி நாம் பாத்ததை யாருகிட்ட போய்ச் சொல்றது?”

அதற்குள் என்னை உள்ளே கூப்பிட்டார்கள்.

ஜெரால்டு மாத்திரையை ஒட்டினான். அலுவலர் பக்கத்தில் நின்று பார்த்தார். நானும் விரலால் தொட்டுப் பார்த்தேன். வலது நெற்றிப்பொட்டு. சுவருக்கு எதிர்ப்பக்கம். படம் பெயரில்லாமல் சென்னைக்குப் போயிற்று. யாருடையது என்று தெரியாமல் இரண்டு பேர் தனித்தனியே பார்ப்பார்கள். அதுவும் நான் எழுதிய விதிதான்.

நாலு மணிக்கு ரிப்போர்ட் வந்தது. நீதிபதி படித்துவிட்டு, என்னை ஒரு மாதிரி பார்த்து, தாளை என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

இடது: துணைப்பள்ளம் உண்டு, முழு நீளம். வலது: இல்லை. இருவர் கருத்தும் ஒன்றே.

ஜெரால்டு பரிதாபப்பட்டு மாற்றி ஒட்டிவிட்டான் என்றுதான் முதலில் தோன்றியது. என் புத்தி அப்படி. நெற்றியைத் தொட்டேன். பிளாஸ்திரி உரிந்த எரிச்சல் வலது பக்கம்தான் இருந்தது. அலுவலரும் பார்த்திருக்கிறார். படம் சரி.

அப்படியானால் சுவரில் இருந்த படம்தான் திரும்பியிருந்தது. அந்தப் படத்தை மனதில் கொண்டுவந்து பார்த்தேன். அதிலும் பின்பக்கம் வலதுதான் நீண்டிருந்தது. சென்னியப்பன் படத்தில் ஒரே நிமிடத்தில் உறுத்தியது, என்னுடைய படத்தில் முப்பத்திரண்டு வருடம் உறுத்தவில்லை. முதல் நாள் என் நெற்றியில் மாத்திரை ஒட்டியவர் சேதுமாதவன். கை தவறி ஒட்டினாரா? படத்தை அச்சிடும்போது தவறு நடந்ததா? பிற்பாடு யாராவது மாற்றி மாட்டினார்களா? இனிமேல் சிலையிடம் போய்க் கேட்க முடியாது.

வெட்கத்தோடு சொல்கிறேன். அந்த ஒரு வரியைப் படித்த பிறகுதான் வெள்ளிக்கிழமை மத்தியானத்தை நான் நம்பினேன். அப்போதும் என்னை நம்பவில்லை, பள்ளத்தைத்தான் நம்பினேன். நாலு வருடம் என்னோடு இருந்த அந்த நல்ல மனிதர் நினைவுக்கு வந்தார். அழுகை முட்டியது. அடக்கிக்கொண்டேன்.

“டாக்டர், நீங்க முதல் தரச் சாட்சி,” என்றார் நீதிபதி. “உங்க வாக்குமூலத்தை ஏத்துக்கறேன். சென்னியப்பன் படத்தை இடவலம் மாத்திப் படிக்கணும்னு உத்தரவு போடறேன். அந்தப் பதினோரு நாள்ல எடுத்த மத்தவங்களையும் திரும்ப எடுக்கணும். வேற ஏதாவது சொல்லணுமா?”

பின் பெஞ்சில் சென்னியப்பன் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் மகள் அவர் முதுகில் கை வைத்திருந்தாள். நஸ்ரீன் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். போதும், ஜெயித்துவிட்டோம், இறங்குங்கள் என்று அர்த்தம். இறங்கியிருக்கலாம்தான். சட்டம் அப்படியே இருந்திருக்கும், என் பெயரும் இருந்திருக்கும். வரவேற்பறையில் அந்தப் பெண்ணும் ரிப்போர்ட்டை மடித்துக்கொண்டே இருந்திருப்பாள்.

“ஒண்ணு இருக்குங்க ஐயா,” என்றேன். “இந்தச் சட்டத்துக்கு ஆதாரமான ஆய்வைப் பத்தி. அதுக்கு வந்தவங்க தொண்ணூத்தெட்டு பேர் இல்லை, நூத்திப் பன்னெண்டு பேர். பள்ளம் இல்லாமலே ஞாபகப் பரீட்சையில நல்லா எழுதினவங்களோட தாளை என் பேராசிரியர் எடுத்து மறைச்சதை நான் கண்ணால பாத்தேன்.”

எதிர்த்தரப்பு வக்கீல் துள்ளி எழுந்தார். “இது டாக்டரோட கற்…” என்று ஆரம்பித்தவர், மேசை மேல் கிடந்த என் ரிப்போர்ட்டைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

நீதிபதி எழுதுவதற்குப் பேனாவை எடுத்தார். “சொல்லுங்க. நிதானமா.”

“வெள்ளிக்கிழமை மத்தியானம்ங்க. பதினாலு மஞ்சள் தாள். மேல இருந்த தாள்ல இருபதுக்கு இருபது. அது என் கையெழுத்துங்க.”